ஒற்றைத் தந்தியிலிருந்து: கிதாரில் ஸ்கேலும் இசைக் கோட்பாடும் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூரில் டிசம்பர் பிறந்துவிட்டால் தேவாலயப் பாடகர் குழுக்கள் பனியில் வீடு வீடாகச் சென்று கேரல் பாடுவது வழக்கம். நான் கிதார் கற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் முடிந்திருந்த சமயத்தில் அப்படி ஒரு குழுவுடன் வாசிக்கச் சென்றேன். எல்லாப் பாடல்களையும் ஜி மேஜரில் பழகி வைத்திருந்தேன். மூன்றாவது வீட்டை அடைவதற்குள் முதற்குரல் பாடிய அக்காவுக்குக் குளிரில் தொண்டை கட்டிக்கொண்டது. “தம்பி, ஒரு கட்டை இறக்கி வாசிப்பா” என்று கேட்டார். என்னால் முடியவில்லை. பத்துப் பதினைந்து கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) வடிவங்களும் ஐந்து ஸ்கேல் (சுர வரிசை) படங்களும் என் விரல்களுக்குத் தெரிந்திருந்தன. ஆனால் அவற்றுள் எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்பதோ, ஒரு கட்டை இறங்கினால் எந்தக் கார்டு எதுவாக மாறும் என்பதோ எனக்குத் தெரியாது. எஞ்சிய வீடுகளில் அவர்கள் கிதார் இல்லாமலேயே பாடினார்கள்.

விரல் வேகம் எனக்கு அன்று போதுமான அளவு இருந்தது. தூரம் பற்றிய அறிவுதான் இல்லை. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே எத்தனை ஃபிரெட் (கிதார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) என்பதைக் காதாலும் வாயாலும் விரலாலும் ஒருசேர அறிந்தவருக்கு ஸ்கேல், கார்டு, சுருதி மாற்றம் ஆகிய மூன்றும் ஒரே பாடமாகிவிடுகின்றன. படங்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அவை மூன்று தனித்தனிச் சுமைகளாகவே நிற்கின்றன. அதனால்தான் என்னிடம் கற்க வருபவர்களுக்கு முதல் மூன்று வாரங்கள் ஸ்கேல் படம் எதையும் நான் காட்டுவதில்லை. நமக்குச் சிறு வயதிலிருந்தே காதில் விழுந்திருக்கும் சரிகமபதநியையும், பாடகர்கள் தம் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கையும் கைப்பிடியாகக் கொண்டு, ஒரே ஒரு தந்தியில் தொடங்குகிறோம். அந்த வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவியும் சுருதியும்

கோட்பாட்டுப் பாடத்தில் கருவிப் பராமரிப்பு எதற்கு என்று தோன்றலாம். சுருதி விலகிய கிதாரில் ஸ்கேல் பழகுபவர் தவறான தூரத்தையே தம் காதுக்குக் கற்றுக்கொடுக்கிறார். மலையில் இந்த ஆபத்து சமவெளியைவிட அதிகம். தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டிப் பக்கத்தையும், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்தையும் நனைக்கும் மாதங்களில் கிதாரின் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. மேற்பலகை எழும்பி, தந்திகள் ஃபிரெட்டிலிருந்து உயர்கின்றன. அப்படி உயர்ந்த தந்தியை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபடுவதால், திறந்த தந்தி (விரலால் அழுத்தாமல் மீட்டுவது) சரியாக இருந்தாலும் அழுத்திய சுரம் சற்று ஏறி ஒலிக்கும். கிதாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டியில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே இடுங்கள். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது மரத்துக்கு நல்லது. வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால், மூடுபனிக் காலத்தில் எஃகுத் தந்தி வெகு விரைவில் துருப்பிடிக்கும்.

உறைபனி விழும் ஜனவரிக் காலையில் பெட்டியைத் திறந்தவுடன் சுருதி சேர்த்தால் பத்து நிமிடத்தில் அது மாறிவிடும். குளிர்ந்திருந்த எஃகு, விரலின் சூட்டிலும் அறையின் சூட்டிலும் நெகிழ்ந்து இறங்குவதே இதற்குக் காரணம். கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் அறையில் வைத்துவிட்டு, நான்கைந்து நிமிடம் மெதுவாக வாசித்த பின்னர் மீண்டும் ஒருமுறை சேர்த்துக்கொள்ளுங்கள். விரல்கள் விறைத்திருக்கும்போது பயிற்சியைத் தொடங்க வேண்டாம்.

சுருதி சேர்ப்பதே முதல் கோட்பாட்டுப் பாடம். தடித்த ஆறாவது தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை திறந்த தந்திகளின் பெயர்கள் இ, ஏ, டி, ஜி, பி, இ என்பனவாகும். ஐந்தாவது தந்தியான ஏ, நொடிக்கு 110 முறை அதிர்கிறது. 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு உலகப் பொதுச் சுருதியாகப் பரிந்துரைத்த 440 அதிர்வுக்கு இது சரியாக இரண்டு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரை ஒரு ஸ்தாயி) கீழே உள்ளது. ஆறாவது தந்தியின் 5-ஆம் ஃபிரெட்டை அழுத்தினால் ஐந்தாவது தந்தியின் திறந்த ஒலி கிடைக்கும். ஒவ்வொரு தந்திக்கும் இதே விதிதான், மூன்றாவது தந்திக்கு மட்டும் 4-ஆம் ஃபிரெட்டை அழுத்த வேண்டும். இதைச் சுர மொழியில் சொன்னால், ஒரு தந்தியைச் சட்ஜமாக (ச) வைத்துக்கொண்டால் அடுத்த தந்தி அதன் சுத்த மத்தியமம் (ம). மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது மட்டும் அந்தர காந்தாரம் (க). இந்த ஒரு விதிவிலக்கு பின்னால் எல்லா ஸ்கேல் வடிவங்களையும் இரண்டாவது தந்தியில் ஒரு ஃபிரெட் தள்ளிப் போகச் செய்கிறது. அதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

கைபேசி டியூனர் செயலியால் சேர்ப்பதில் தவறில்லை. ஆயினும் வாரத்தில் இரண்டு நாளாவது ஒரே ஒரு தந்தியைச் செயலியால் சேர்த்துவிட்டு, மற்ற ஐந்தையும் காதால் சேர்த்துப் பாருங்கள்.

பன்னிரண்டு இடங்களும் கட்டைக் கணக்கும்

வீணையில் மெட்டு என்று சொல்வதைக் கிதாரில் ஃபிரெட் என்கிறோம். பெரும்பாலான கிதார்களில் நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்தி படியும் இடம்) பிரிட்ஜ் (உடலின் மேல் தந்தி படியும் இடம்) வரை தந்தியின் நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். 12-ஆம் ஃபிரெட் அதன் சரிபாதியில் இருக்கிறது. அங்கே அழுத்தினால் அதிர்வு இரட்டிப்பாகி, மேல்ஸ்தாயிச் சட்ஜம் கிடைக்கிறது. 7-ஆம் ஃபிரெட்டில் அதிரும் நீளம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அது பஞ்சமம். 5-ஆம் ஃபிரெட்டில் நான்கில் மூன்று பங்கு. அது சுத்த மத்தியமம். ஓர் அளவுகோலை எடுத்து உங்கள் கருவியிலேயே அளந்து பாருங்கள். சட்ஜ பஞ்சம உறவு நீளத்தின் கணக்கு என்பதை ஒருமுறை கண்ணால் கண்டவர் அதை மறப்பதில்லை.

ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரித்ததே கிதார் ஃபிரெட்டுகளின் அமைப்பு. ஒவ்வொரு ஃபிரெட்டும் முந்தைய அதிர்வை ஏறத்தாழ 1.0595 மடங்கு உயர்த்துகிறது. இந்தச் சமப் பங்கீட்டால் ஒரு விளைவு உண்டு: கிதாரின் அந்தர காந்தாரம், தம்பூராவோடு சேர்ந்து இயல்பாக ஒலிக்கும் காந்தாரத்தைவிட ஒரு ஃபிரெட் தூரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு ஏறியிருக்கும். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த மாணவர்கள் சிலர் “காந்தாரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது” என்று சொல்வதுண்டு. அவர்கள் காது சரியாகவே கேட்கிறது.

இப்போது பெயர்கள். சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்ற ஏழு பெயர்களுள் இ-க்கும் எஃப்-க்கும் இடையிலும், பி-க்கும் சி-க்கும் இடையிலும் ஒரே ஒரு ஃபிரெட். மற்ற எல்லா இடங்களிலும் இரண்டு ஃபிரெட். இதைப் பாடநூல் விதியாக நெட்டுருச் செய்யத் தேவையில்லை, ஏனெனில் நம் பாடகர்களின் கட்டைக் கணக்கு இதையே சொல்கிறது. 1 கட்டை சி, 2 கட்டை டி, 3 கட்டை இ, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ, 7 கட்டை பி. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரைக் கட்டைகள் உண்டு; மூன்றரைக் கட்டையில் பாடுவதாக எந்தப் பாடகரும் சொல்லி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், ஏழரைக் கட்டையும் அப்படியே. ஹார்மோனியத்தில் அந்த இரண்டு இடங்களில் கறுப்புக் கட்டை இல்லாததே காரணம். ஒன்றரைக் கட்டை என்பது சி ஷார்ப், அதாவது சி-யிலிருந்து ஒரு ஃபிரெட் மேலே. அதையே டி-யிலிருந்து இறங்கி வருபவர் டி ஃபிளாட் என்பார்.

ஒற்றைத் தந்தியில் மேஜர் ஸ்கேல்

இரண்டாவது தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் ஃபிரெட் சி, அதாவது 1 கட்டை. அங்கிருந்து 1, 3, 5, 6, 8, 10, 12, 13 என்ற ஃபிரெட்டுகளை வரிசையாக வாசியுங்கள். இடையிலுள்ள தூரங்கள் 2, 2, 1, 2, 2, 2, 1. இதுவே மேஜர் ஸ்கேல். கர்நாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தா வரிசையில் 29-ஆவதாகிய தீரசங்கராபரணத்தின் சுரங்கள். சட்ஜம், சதுசுருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சதுசுருதி தைவதம், காகலி நிஷாதம், மேல் சட்ஜம்.

இந்தச் சுர வரிசை நம் மண்ணுக்கு அந்நியமானதன்று. 1835-இல் மறைந்த முத்துஸ்வாமி தீட்சிதர், ஆங்கிலேயர்களின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்யம் இயற்றினார். நோட்டுஸ்வரம் என்று வழங்கும் அந்தச் சிறு உருப்படிகள் சங்கராபரணத்தின் இந்த ஏழு சுரங்களிலேயே, கமகம் (சுர அசைவு) இல்லாமல் நேராகப் பாடப்படுகின்றன. கிதார் மாணவருக்கு அவற்றைவிடப் பொருத்தமான தொடக்கப் பயிற்சியை நான் அறியேன்.

ஆனால் ஸ்கேலும் ராகமும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. ஸ்கேல் என்பது சுரங்களின் இருப்பிடம் மட்டுமே. எந்தச் சுரத்தை அசைப்பது, எதில் நிற்பது, எந்தப் பிடி (சுரத் தொடர்) வழியாக ஏறுவது என்பவை சேர்ந்தால்தான் அது ராகமாகிறது. இந்த வழிகாட்டியில் ராகப் பெயர்கள் இருப்பிடத்தைக் குறிக்க மட்டுமே வருகின்றன.

ஒற்றைத் தந்தியில் ஏன் தொடங்க வேண்டும்? இங்கே தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. கை இரண்டு ஃபிரெட் நகர்வதையும் ஒரு ஃபிரெட் நகர்வதையும் நீங்கள் பார்க்கிறீர்கள், உணர்கிறீர்கள், கேட்கிறீர்கள். சில ஃபிரெட்டுகளுக்குள்ளேயே தந்தி மாறி வாசிக்கும் ‘பெட்டி’ வடிவங்களில் இந்தத் தெளிவு மறைந்துபோகிறது.

ஒவ்வொரு சுரத்தையும் வாசிக்கும்போதே அதன் பெயரை உரக்கப் பாடுங்கள். பிறகு பாடிவிட்டு வாசியுங்கள். அதாவது, பஞ்சமத்தை முதலில் குரலால் பிடித்து, அதன்பின் 8-ஆம் ஃபிரெட்டை அழுத்திச் சரிபாருங்கள். குரல் நன்றாக இல்லை என்று கூச்சப்படும் மாணவர்கள் பலர். இனிமை இங்கே தேவையில்லை, இடம் சரியாக இருந்தால் போதும். நான் இந்த முழு வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கட்டாயம் என்று சொல்லலாம் என்றால், இந்தப் படியைச் சொல்வேன். பாட முடிந்த சுரத்தை விரல் எப்படியும் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

நேராக ஏறி இறங்குவது ஒரு வாரத்தில் சலித்துவிடும். அப்போது கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சிகளான அலங்கார வரிசைகளைக் கையாளுங்கள். திரிபுட தாள அலங்காரம் ‘சரிக சரிகம, ரிகம ரிகமப’ என்று மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கையில் போகிறது. நான்கு எண்ணிக்கையிலேயே பழகிய விரல்களுக்கு இது மிக நல்ல பயிற்சி. ஜண்டை வரிசையில் ஒவ்வொரு சுரமும் இரட்டித்து வருவதால் வலக்கையின் கீழ்மேல் வீச்சு சீராகிறது. ஆரம்ப மாணவர்கள் சரளி வரிசை பழகும் மாயாமாளவகௌளையையும் இதே தந்தியில் தேடுங்கள்: 1, 2, 5, 6, 8, 9, 12, 13. தூரங்கள் 1, 3, 1, 2, 1, 3, 1. ஒரு ஸ்கேலின் குணம் முழுவதும் தூரங்களின் வரிசையில் இருக்கிறது என்பது இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது தெளிவாகும்.

தந்திகளுக்குக் குறுக்கே

மூன்றாவது வாரத்தின் முடிவில் தந்தி மாறலாம். முதலில் திறந்த தந்திகளோடு சி மேஜர்: ஐந்தாவது தந்தியில் 3, நான்காவதில் 0, 2, 3, மூன்றாவதில் 0, 2, இரண்டாவதில் 0, 1. இங்கேயும் சுரப் பெயரைச் சொல்லியே வாசியுங்கள்.

அடுத்து, நகர்த்தக்கூடிய ஒரு வடிவம். ஜி மேஜரை 2-ஆம் ஃபிரெட்டிலிருந்து 5-ஆம் ஃபிரெட் வரையுள்ள நான்கு ஃபிரெட்டுகளுக்குள், ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்ற கணக்கில் வாசிக்கலாம். ஆறாவது தந்தியில் 3, 5. ஐந்தாவதில் 2, 3, 5. நான்காவதில் 2, 4, 5. மூன்றாவதில் 2, 4, 5. இரண்டாவதில் 3, 5. முதலாவதில் 2, 3. ஆறாவது தந்தியின் 3-ஆம் ஃபிரெட்டில் நடுவிரல் தொடங்குகிறது, அதுவே சட்ஜம். நான்காவது தந்தியின் 5-ஆம் ஃபிரெட்டிலும் முதல் தந்தியின் 3-ஆம் ஃபிரெட்டிலும் மீண்டும் சட்ஜம் வருகிறது. திறந்த தந்தி எதுவும் இதில் இல்லாததால், கையை அப்படியே இரண்டு ஃபிரெட் மேலே நகர்த்தினால் ஏ மேஜர் கிடைக்கும். வடிவம் கற்பது இந்த இடத்தில் நியாயமானது. ஏனெனில் அதற்குள் எது ச, எது ப என்பது உங்களுக்குத் தெரியும்.

இணையத்தில் கிடைக்கும் ஐந்து பெட்டிகளையும் இப்போதே கற்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு பெட்டியில் தெரிந்த பாட்டை வாசிக்க முடிந்த பிறகு இரண்டாவது பெட்டிக்குப் போனால் போதும்.

ஃபிரெட் பலகை முழுவதையும் அறிய, ஆறாவது, ஐந்தாவது தந்திகளை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். ஆறாவதில் 0, 1, 3, 5, 7, 8, 10, 12 என்பவை இ, எஃப், ஜி, ஏ, பி, சி, டி, இ. ஐந்தாவதில் 0, 2, 3, 5, 7, 8, 10, 12 என்பவை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஏ. மற்றவற்றை ஸ்தாயி உறவால் கண்டுபிடிக்கலாம்: ஆறாவது அல்லது ஐந்தாவது தந்தியில் உள்ள எந்தச் சுரத்துக்கும் இரண்டு தந்தி தள்ளி, இரண்டு ஃபிரெட் மேலே அதன் மேல்ஸ்தாயி இருக்கிறது. நான்காவது அல்லது மூன்றாவது தந்தியிலிருந்து புறப்பட்டால் மூன்று ஃபிரெட் மேலே. இரண்டாவது தந்தி தன் விதிவிலக்கை இங்கே காட்டுகிறது.

சுரங்கள் கூடிக் கார்டு ஆதல்

மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுங்கள். ஒன்றை எடுத்து, ஒன்றை விட்டு, அடுத்ததை எடுங்கள்: 1, 3, 5. சி ஸ்கேலில் அவை சி, இ, ஜி. ச, க, ப. இவை மூன்றும் ஒன்றாக ஒலிப்பதே சி மேஜர் கார்டு. ஃபிரெட் தூரத்தில் சொன்னால் 0, 4, 7. இரண்டாவது சுரத்திலிருந்து இதே போல எடுத்தால் டி, எஃப், ஏ; தூரம் 0, 3, 7 என்று மாறுகிறது, இது டி மைனர். நடுச்சுரம் ஒரே ஒரு ஃபிரெட் இறங்கியதில் கார்டின் முகமே மாறிவிடுகிறது. அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகும்போது ஏற்படும் மாற்றம்தான் மேஜருக்கும் மைனருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும்.

ஏழு சுரங்களிலிருந்தும் இப்படிக் கட்டினால் 1, 4, 5 ஆகிய மூன்றும் மேஜராகவும், 2, 3, 6 ஆகிய மூன்றும் மைனராகவும் அமைகின்றன. 7-இல் பி, டி, எஃப் சேர்ந்து 0, 3, 6 என்ற டிமினிஷ்ட் கார்டு வருகிறது. அதன் மேல்சுரம் பஞ்சமத்துக்கு ஒரு ஃபிரெட் கீழே நிற்பதால் அது நிலைகொள்ளாமல் ஒலிக்கிறது. எந்த மேஜர் ஸ்கேலை எடுத்தாலும் இந்த வரிசை மாறாது. உங்களுக்குப் பழக்கமான சி கார்டைப் பிடித்துக்கொண்டு, தந்தி தந்தியாக மீட்டி, ஒவ்வொரு தந்தியிலும் ஒலிப்பது ச-வா, க-வா, ப-வா என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ஜி, டி, ஏ மைனர். நான் இரண்டாண்டுகள் அந்தக் கார்டுகளைப் பிடித்தும் இந்த ஒரு கேள்வியை என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு பாட்டுக்குக் கார்டு தேடும்போதும் இதே அறிவுதான் உதவுகிறது. மெட்டு ஓரிடத்தில் அழுத்தி நிற்கும் சுரம் எந்தக் கார்டுக்குள் இருக்கிறது என்று பாருங்கள். சி ஸ்கேலில் மெட்டு ஏ-யில் நின்றால் எஃப், ஏ மைனர், டி மைனர் ஆகிய மூன்றிலும் அந்தச் சுரம் உண்டு. மூன்றையும் வாசித்துப் பார்த்து, பாட்டின் உணர்வுக்கு ஏற்றதைக் காது தேர்ந்தெடுக்கட்டும்.

கட்டை மாற்றுதல்

எண்ணால் கார்டை அறிந்தவருக்குச் சுருதி மாற்றம் வெறும் கூட்டல் கழித்தல். ஜி-யில் 1, 4, 5 என்பவை ஜி, சி, டி. ஒரு கட்டை இறக்கினால், அதாவது 5 கட்டையிலிருந்து 4 கட்டைக்கு வந்தால், எஃப்-இல் 1, 4, 5 என்பவை எஃப், பி ஃபிளாட், சி. அந்த அக்கா கேட்டது இவ்வளவே.

எஃப், பி ஃபிளாட் இரண்டுக்கும் பாரே (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்துவது) பிடிக்க வேண்டியிருப்பதால் குளிரில் விரல் வலிக்கும்; கேப்போ (தந்திகளை ஒரு ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) அங்கே கைகொடுக்கிறது. கேப்போ சுருதியை ஏற்ற மட்டுமே செய்யும் என்பதால், எஃப்-க்குக் கீழே உள்ள எளிய ஸ்கேல் ஒன்றைத் தேட வேண்டும். டி-யிலிருந்து எஃப் மூன்று ஃபிரெட் தூரம். 3-ஆம் ஃபிரெட்டில் கேப்போ இட்டு டி, ஜி, ஏ வடிவங்களை வாசித்தால், ஒலிப்பது எஃப், பி ஃபிளாட், சி. இப்போது நான் கேரல் குழுவில் பாடுபவர்களிடம் முதலில் கேட்பது “எத்தனை கட்டை?” என்ற கேள்விதான்.

பன்னிரண்டு ஸ்கேல்களையும் எந்த வரிசையில் கற்பது என்ற கேள்வி இங்கே எழும். சட்ஜ பஞ்சம வழியில் செல்லுங்கள். சி-யின் பஞ்சமம் ஜி. அதைச் சட்ஜமாக்கினால் ஒரே ஒரு ஷார்ப், எஃப் ஷார்ப், சேர்கிறது. ஜி-யின் பஞ்சமம் டி. அங்கே சி ஷார்ப்பும் சேர்ந்து இரண்டு. அதன் பஞ்சமம் ஏ, மூன்று ஷார்ப். பிறகு இ, நான்கு. ஒவ்வொரு படியிலும் புதிதாக வரும் ஷார்ப், அந்த ஸ்கேலின் காகலி நிஷாதமாகவே இருக்கும். பன்னிரண்டு முறை இப்படி நகர்ந்தால் மீண்டும் சி-க்கே வந்து சேர்வோம். கிதாருக்குச் சி, ஜி, டி, ஏ, இ ஆகிய ஐந்தும் முதல் ஆண்டுக்குப் போதும்.

மைனரும் பண்ணுப்பெயர்த்தலும்

ஐந்தாவது தந்தியில் 0, 2, 3, 5, 7, 8, 10, 12 வாசியுங்கள். ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஏ. சி மேஜரின் அதே ஏழு சுரங்கள், ஆனால் ஏ-யிலிருந்து தொடங்குகின்றன. இது ஏ நேச்சுரல் மைனர். 20-ஆவது மேளமான நடபைரவி. 10-ஆம் ஃபிரெட்டுக்குப் பதில் 11-ஐ வாசித்தால் ஹார்மோனிக் மைனர். 21-ஆவது மேளமான கீரவாணி. ஜி, ஜி ஷார்ப்பாக உயரும்போது அது மேல் சட்ஜத்துக்கு ஒரே ஃபிரெட் கீழே வந்து அதைத் தேடி இழுக்கிறது. இ மைனர் கார்டும் இ மேஜராக மாறுகிறது. மைனர் பாட்டில் முடிவுக்குச் சற்று முன்பு திடீரென மேஜர் கார்டு ஒன்று வருவதற்கு இதுவே காரணம்.

ஒரே சுரக்கூட்டத்தில் சட்ஜத்தை இடம் மாற்றி வேறொரு பண்ணைப் பெறுவதைக் கர்நாடக இசையில் கிரக பேதம் என்பார்கள். பழந்தமிழ் இசையில் இதற்குப் பண்ணுப்பெயர்த்தல் என்று பெயர். மேற்கத்திய இசை மாணவர்கள் மோடு என்று திணறிக் கற்பது இதைத்தான். கைபேசியில் தம்பூரா செயலி ஒன்றை 1 கட்டையில் ஒலிக்கவிட்டுச் சி மேஜர் வாசியுங்கள். பிறகு சுரங்களை மாற்றாமல் தம்பூராவை மட்டும் 2 கட்டைக்கு மாற்றி, டி-யைச் சட்ஜமாக எண்ணி வாசியுங்கள்: கரகரப்பிரியா, அதாவது டோரியன். 3 கட்டையில் தோடி, அதாவது ஃபிரிஜியன். 4 கட்டையில் கல்யாணி, லிடியன். 5 கட்டையில் அரிகாம்போதி, மிக்சோலிடியன். 6 கட்டையில் நடபைரவி. 7 கட்டையில் சட்ஜத்துக்குப் பஞ்சமம் கிடைக்காது. எனவே அங்கே மேள ராகம் எதுவும் பிறப்பதில்லை. மேலே கை எட்டாத சுரங்களைக் கீழ்ஸ்தாயியில் வாசித்துக்கொள்ளலாம். தம்பூரா இல்லாமல் இந்தப் பயிற்சியைச் செய்தால் காது பழைய சி-யையே பிடித்துக்கொண்டு நிற்கும், பயன் இராது.

ஐந்து சுர ஸ்கேல்களில் மேஜர் பென்டடானிக் என்பது மோகனத்தின் ச ரி க ப த. அதன் தைவதத்தைச் சட்ஜமாக்கினால் சுத்த தன்யாசி. அதுவே மைனர் பென்டடானிக். ஏ-யில் இதை வாசிக்க ஆறாவது தந்தியில் 5, 8. ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது தந்திகளில் 5, 7. இரண்டாவது, முதலாவது தந்திகளில் 5, 8. ஒரு ஃபிரெட் தூரம் எங்கும் இல்லாததால் இதில் எந்தச் சுரமும் உறுத்தாது. தனி வாசிப்புக்கு எல்லோரும் இங்கே தொடங்குவதும், பலர் இங்கேயே நின்றுவிடுவதும் அதனால்தான்.

நாள்தோறும் முப்பது நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் சுருதி சேர்த்தலும், ஒற்றைத் தந்தியில் பாடி வாசித்தலும். அடுத்த பத்து நிமிடம் அன்றைய ஸ்கேலை ஓர் அலங்காரத்தில், மெட்ரோனோம் (சீரான துடிப்பை ஒலிக்கும் கருவி) நிமிடத்துக்கு 60 துடிப்பில் இருக்க, துடிப்புக்கு ஒரு சுரம். மூன்று நாள் தொடர்ந்து பிசகில்லாமல் வந்தால் மட்டும் 4 துடிப்பு கூட்டுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் கல்லாற்றைக் கடந்ததும் பற்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு பல்லாக ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேகத்தின் மதிப்பு புரியும். அதன்பின் பத்து நிமிடம் கார்டு வேலை: ஒரு ஸ்கேலின் ஏழு கார்டுகளையும் எண் சொல்லிப் பிடித்தல். கடைசி ஐந்து நிமிடத்தை எந்தப் பயிற்சிக்கும் கொடுக்காமல், அன்று கற்ற ஸ்கேலுக்குள் மனம் போனபடி வாசியுங்கள்.

வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள், இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பாட்டைக் காதால் எடுங்கள். வீட்டில் பாட்டி முணுமுணுக்கும் படுகு மொழிப் பாட்டாக இருக்கலாம், தேவாலயத்துப் பாமாலையாக இருக்கலாம், பேருந்தில் கேட்ட திரைப்பாட்டாக இருக்கலாம். கைபேசியில் கார்டு தேட வேண்டாம். முதலில் மெட்டை முழுவதும் வாயால் பாடி, அது முடிந்து அமரும் சுரத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அதுதான் சட்ஜம். அது எத்தனை கட்டை என்று ஆறாவது தந்தியில் தேடுங்கள். காந்தாரம் அந்தரமா சாதாரணமா என்று பாருங்கள்; மேஜரா மைனரா என்பது தெரிந்துவிடும். பிறகு மெட்டை ஒற்றைத் தந்தியில் வாசித்து, அதற்குப் பின் 1, 4, 5 கார்டுகளை இட்டுப் பாருங்கள். முதல் பாட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். கண்டுபிடித்ததை ஒரு நோட்டில் எண்களாக மட்டும் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அதே பாட்டை, நோட்டைத் திறக்காமல், ஒரு கட்டை இறக்கி வாசியுங்கள்.